டெபியன் 13 நிறுவிய முதல் வாரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் தங்கை பன்னிரண்டாம் வகுப்பு படித்தபோது, 2012-இல், அரசு கொடுத்த மடிக்கணினி பல வருடமாகப் பரணில் கிடந்தது. அதை இறக்கித் துடைத்து, 2 ஜிபி ராமுடன் காலியாக இருந்த இன்னொரு ஸ்லாட்டில் 4 ஜிபி சேர்த்து, ஹார்டு டிஸ்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டு, டெபியன் 13 நிறுவினேன். இப்போது தங்கையின் மகள் அதில் தமிழில் தட்டச்சு செய்கிறாள். பார்த்தவர்கள் ஆளுக்கொரு கேள்வி கேட்டார்கள். பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான் என்பதால் பதில்களை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

டெபியன் என்றால் என்ன? 13-இல் என்ன புதிது?

டெபியன் ஒரு லினக்ஸ் இயங்குதளம். 1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் தொடங்கியது. தன் பெயரையும் அப்போதைய தோழி டெப்ராவின் பெயரையும் சேர்த்து வைத்த பெயர் அது. எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லை, உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் செய்வது. உபுண்டு இதிலிருந்து பிறந்ததுதான். நம் ஊர்ப் பிள்ளைகளின் அரசு மடிக்கணினியில் விண்டோஸோடு சேர்ந்து வந்த பாஸ் லினக்ஸ் நினைவிருக்கிறதா? சென்னை சி-டாக் உருவாக்கிய அதுவும் டெபியன் வழி வந்ததே. அந்த வகையில் தங்கையின் மடிக்கணினி தாய் வீட்டுக்குத்தான் திரும்பியிருக்கிறது.

13-ஆம் பதிப்பு 2025 ஆகஸ்ட் 9 அன்று வெளியானது. செல்லப் பெயர் ட்ரிக்ஸி. இயங்குதளத்தின் மையமான லினக்ஸ் கெர்னல் 6.12, திரைத் தோற்றத்தைத் தரும் டெஸ்க்டாப் சூழல்களான குனோம் 48, கேடிஇ பிளாஸ்மா 6.3, எக்ஸ்எஃப்சிஇ 4.20 ஆகியவை இதில் உள்ளன. ஏறத்தாழ 70,000 தொகுப்புகள் (நிறுவத் தயாராகக் கட்டி வைத்த மென்பொருள்கள்) அதன் களஞ்சியத்தில், அதாவது இணையச் சேமிப்பகத்தில் இருக்கின்றன.

என்னிடம் இருப்பது பழைய கணினி. தாங்குமா?

முதலில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: உங்கள் பிராசஸர் 64 பிட்டா? டெபியன் 13-இல் 32 பிட் கணினிகளுக்கான நிறுவியும் இல்லை, கெர்னலும் இல்லை. அப்படிப்பட்ட கணினியில் ஏற்கெனவே டெபியன் 12 ஓடுகிறது என்றால் அதிலேயே இருந்துவிடுங்கள், 13-க்கு மேம்படுத்த வேண்டாம். 2010-க்குப் பிறகு வாங்கிய மடிக்கணினி என்றால் பெரும்பாலும் 64 பிட்டாகத்தான் இருக்கும். குறைந்த விலைக்கு வந்த சில நெட்புக்குகள் மட்டும் விதிவிலக்கு.

ராம் 4 ஜிபி இருந்தால் எக்ஸ்எஃப்சிஇ சூழலில் நிம்மதியாக வேலை பார்க்கலாம். எங்கள் மடிக்கணினியில் உள்நுழைந்து ஒன்றும் திறக்காமல் பார்த்தபோது 700 எம்பி அளவில்தான் ராம் எடுத்திருந்தது. கணினியை மூச்சுத் திணற வைப்பது இயங்குதளம் இல்லை, பிரவுசரில் நாம் திறந்து போடும் டேப்கள்தான். கையில் கொஞ்சம் காசு இருந்து, ராமா எஸ்எஸ்டியா என்று யோசித்தால், முதலில் எஸ்எஸ்டி வாங்குங்கள். சுழலும் ஹார்டு டிஸ்கை வைத்துக்கொண்டு எந்த இயங்குதளத்தை மாற்றினாலும் அந்தக் காத்திருப்பு போகாது.

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லைக் கேட்கிறது, இன்டெல் என்றால் ஏறக்குறைய 8-ஆம் தலைமுறைக்கு முந்தையதை ஏற்பதில்லை. அதனால் நல்ல நிலையில் உள்ள கணினிகளைப் பழைய இரும்புக் கடைக்குப் போட நினைக்கிறார்கள். தயவுசெய்து அதற்கு முன் ஒருமுறை இதை முயன்று பாருங்கள்.

எந்தக் கோப்பை இறக்குவது? பென்டிரைவ் எவ்வளவு பெரியது வேண்டும்?

நல்ல இணையம் இருந்தால் நெட்இன்ஸ்ட் என்ற சிறிய ஐஎஸ்ஓ (நிறுவிக் கோப்பு) போதும். 1 ஜிபிக்குள் அடங்கிவிடும், மீதியை நிறுவும்போதே இறக்கிக்கொள்ளும். நிறுவுவதற்கு முன் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றால் லைவ் ஐஎஸ்ஓ எடுங்கள், அது 3 ஜிபிக்கு மேல். ரூஃபஸ் என்ற விண்டோஸ் மென்பொருளைக் கொண்டு பென்டிரைவில் எழுதலாம். எழுதும்போது பென்டிரைவில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும்.

இறக்கிய கோப்பின் செக்சம் (கோப்பு பழுதில்லாமல் வந்ததா என்று காட்டும் எண்) சரிபார்ப்பதை விட்டுவிடாதீர்கள். எனக்கு முதல் முறை அடிப்படைத் தொகுப்புகளை நிறுவும் கட்டத்தில் பாதியில் நின்றது. செக்சம் சரியாக இருந்தது, ஆகவே கோப்பில் பிழை இல்லை. வேறு பென்டிரைவில் எழுதிப் போட்டதும் ஒரே மூச்சில் முடிந்தது. செக்சம் பார்க்காமல் இருந்திருந்தால் கோப்பை மறுபடி இறக்கி அரை நாளை வீணாக்கியிருப்பேன்.

நிறுவும்போது எங்கே தடுமாறுவோம்?

நான்கு இடங்கள். மற்ற திரைகளில் எல்லாம் கேட்டதற்குப் பதில் சொல்லிக்கொண்டே போகலாம்.

முதலாவது, ரூட் என்ற நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல். இந்தத் திரையில் பாஸ்வேர்டு கேட்டதும் எல்லோரும் ஒன்றைக் கொடுத்துவிடுவார்கள், நானும் அப்படித்தான் கொடுத்தேன். கொடுத்தால் ரூட் என்று தனிக் கணக்கு உருவாகும், உங்கள் கணக்குக்கு சூடோ உரிமை (நிர்வாகி வேலைகளைச் செய்யும் உரிமை) கிடைக்காது. நிறுவி முடித்து முதல் கட்டளையைத் தட்டியதும் 'இந்தப் பயனர் சூடோ பட்டியலில் இல்லை' என்று வந்து நிற்கும். அந்த இரண்டு பெட்டிகளையும் காலியாக விட்டு அடுத்த திரைக்குப் போய்விட்டால், நீங்கள் உருவாக்கும் முதல் பயனருக்கே சூடோ உரிமை கிடைத்துவிடும். வீட்டுக் கணினிக்கு அதுதான் வசதி. ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் கவலைப்பட வேண்டாம்: ரூட்டாக உள்நுழைந்து உங்கள் பயனரை சூடோ குழுவில் சேர்த்து, வெளியேறி மறுபடி உள்ளே வந்தால் சரியாகிவிடும்.

இரண்டாவது, டிஸ்க் பிரிப்பது. 'முழு டிஸ்கையும் பயன்படுத்து' என்றால் சொன்னபடி முழுவதையும் அழித்துவிடும். பழைய படங்கள், கல்யாண வீடியோக்கள், சான்றிதழ் ஸ்கேன்கள் எல்லாவற்றையும் வேறோர் இடத்தில் எடுத்து வைத்த பிறகுதான் இந்தத் திரைக்கே வர வேண்டும். டிஸ்கில் எழுதும் முன் நிறுவி ஒருமுறை பட்டியலைக் காட்டி 'எழுதட்டுமா' என்று கேட்கும். அங்கே தயாராக இருக்கும் விடை 'இல்லை'. அவசரமில்லாமல் டிஸ்கின் அளவைப் பாருங்கள். 240 ஜிபி எஸ்எஸ்டியும் 16 ஜிபி பென்டிரைவும் பட்டியலில் அடுத்தடுத்து நிற்கும்.

மூன்றாவது, டெஸ்க்டாப் தேர்வு. குனோம் ஏற்கெனவே டிக் ஆகியிருக்கும். எக்ஸ்எஃப்சிஇ வேண்டுமானால் குனோமின் டிக்கை எடுத்துவிட்டு அதை டிக் செய்ய வேண்டும். பலர் இரண்டையும் விட்டுவிட்டு, பிறகு மெனுவில் எல்லாம் இரட்டை இரட்டையாக இருக்கிறதே என்று கேட்கிறார்கள்.

நான்காவது, பழைய பயோஸ் முறையில் ஓடும் கணினிகளில் மட்டும் வருவது: இயங்குதளத்தை எழுப்பும் கிரப் நிரலை எந்த டிஸ்கில் எழுதுவது என்ற கேள்வி. உள்ளே இருக்கும் டிஸ்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தவறிப்போய் பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தால், அதைச் சொருகினால்தான் கணினி எழும்.

நிறுவலையே தமிழில் செய்யலாமா?

செய்யலாம். என்னை இதைப் பற்றி எழுத வைத்ததே அந்த முதல் திரைதான். மொழிப் பட்டியலில் 'தமிழ்' என்று தமிழ் எழுத்திலேயே இருக்கிறது. வரைகலை நிறுவியைத் தேர்ந்தெடுத்தால்தான் அது தெரியும், எழுத்து முறை நிறுவியில் இந்திய எழுத்துகள் வராது. தமிழைத் தேர்ந்ததும் அடுத்தடுத்த கேள்விகள் தமிழில் வரும். இந்த மொழிபெயர்ப்பைச் சம்பளம் இல்லாமல் யாரோ சிலர் வரி வரியாகச் செய்திருக்கிறார்கள். தங்கையின் மாமியார் எட்டாம் வகுப்புவரை படித்தவர். பக்கத்தில் உட்கார்ந்து திரையில் வந்ததைச் சத்தமாகப் படித்துக்கொண்டே இருந்தார். எந்தக் கேள்வியையும் நான் அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆனால் விசைப்பலகை கேட்கும் திரையில் தமிழைத் தேர்ந்தெடுக்காதீர்கள், அமெரிக்க ஆங்கிலத்திலேயே விடுங்கள். கடவுச்சொல் தட்டும் பெட்டியில் எழுத்துகளுக்குப் பதில் புள்ளிகள்தான் தெரியும். எந்த மொழியில் தட்டினோம் என்றே தெரியாமல் பிறகு உள்ளே நுழைய முடியாமல் போகலாம். தமிழ்த் தட்டச்சைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

தமிழில் நிறுவினால் லிபர்ஆபிஸ், ஃபயர்ஃபாக்ஸ் போன்றவையும் தமிழ் மெனுக்களோடு கிடைக்கும். எல்லா மென்பொருளும் முழுதாகத் தமிழாகியிருக்காது, நடுநடுவே ஆங்கிலம் வரும். அது உங்களுக்குக் குழப்பமாக இருந்தால் எக்ஸ்எஃப்சிஇயில் உள்நுழையும் திரையிலேயே மொழியை மாற்றிக்கொள்ளலாம். ஒரே கணினியில் அம்மாவுக்குத் தமிழ், மகனுக்கு ஆங்கிலம் என்று தனித்தனிக் கணக்கும் வைக்கலாம்.

தமிழ் 99 வருமா? ஒலிபெயர்ப்பு முறையில் தட்டலாமா?

இரண்டும் வரும்: தமிழ் எழுத்துகளுக்கே உரிய விசையமைப்பான தமிழ் 99-உம், ஒலியை ஆங்கில எழுத்தில் தட்டும் ஒலிபெயர்ப்பும். ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருளையும் அதற்கான எம்17என் தொகுப்பையும் நிறுவுங்கள். அதன் பட்டியலில் தமிழ் 99, ஒலிபெயர்ப்பு, இன்ஸ்கிரிப்ட் எல்லாம் இருக்கின்றன. குனோமில் அமைப்புகளுக்குள் விசைப்பலகை பகுதியில் சேர்த்தால் போதும். எக்ஸ்எஃப்சிஇயில் ஐபஸ்தான் உள்ளீட்டு முறை என்று ஒருமுறை தேர்ந்தெடுத்து, வெளியேறி மறுபடி உள்நுழைய வேண்டும். 'நிறுவினேன், ஒன்றும் நடக்கவில்லை' என்பவர்களில் பலர் இந்த வெளியேறி நுழைவதைச் செய்யாதவர்கள். விண்டோஸ் படம் போட்ட விசையோடு ஸ்பேஸ் அழுத்தினால் மொழி மாறும்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு, யாரும் எளிதில் சொல்வதில்லை. எக்ஸ்எஃப்சிஇயின் விசைப்பலகை அமைப்பில் ஐபஸ் இல்லாமலேயே 'தமிழ்நெட் 99' என்று ஒரு தளவமைப்பு இருக்கும். அதைச் சேர்த்தாலும் தமிழ் எழுத்து வரும். ஆனால் அது விசைக்கு ஓர் எழுத்து என்று மட்டுமே தரும். தமிழ் 99-இன் அழகே முன்னால் என்ன தட்டினோம் என்று பார்த்து எழுத்தைச் சேர்ப்பதில்தான் இருக்கிறது. அ, ம, ம, ஆ என்று நான்கு விசை தட்டினால் 'அம்மா' என்று வர வேண்டும்: ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் முதல் மகரத்தின் மேல் புள்ளி தானாக ஏறும், பின்னால் வரும் ஆ துணைக்காலாக மாறும். இந்த வேலையை ஐபஸ் போன்ற உள்ளீட்டு முறைதான் செய்யும். வெறும் தளவமைப்பில் தட்டிப் பார்த்துவிட்டு 'லினக்ஸில் தமிழ் 99 சரியில்லை' என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

தங்கை மகளுக்கு நான் ஒலிபெயர்ப்பு முறையைச் சொல்லித் தரவில்லை, நேராகத் தமிழ் 99 தான். உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கு. மூன்றாம் நாள் தன் பெயரையும் பள்ளிப் பெயரையும் விசைப்பலகையைப் பார்க்காமல் தட்டினாள். தமிழை ஆங்கில எழுத்தில் நினைத்துத் தட்டும் பழக்கம் அவளுக்கு வராமல் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

பழைய கோப்புகளில் தமிழ் எல்லாம் ஆங்கில எழுத்தாகத் தெரிகிறதே?

அவை பாமினி, வானவில் போன்ற யுனிகோடு அல்லாத எழுத்துருவில் தட்டியவை. அந்த எழுத்துருக் கோப்பு உங்களிடம் இருந்தால் டெபியனிலும் நிறுவி அப்படியே படிக்கலாம். ஆனால் தேடவோ இணையத்தில் போடவோ யுனிகோடுக்கு மாற்றியாக வேண்டும். மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. எந்த எழுத்துரு என்று சரியாகத் தேர்ந்தெடுத்து மாற்றிய பிறகு, கொம்பும் துணைக்காலும் சேரும் ஒகர எழுத்துகளைக் கண்ணால் ஒருமுறை சரிபாருங்கள், தவறு பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

வைஃபை எடுக்குமா?

முன்பு டெபியனின் மீது இருந்த பெரிய குறை இதுதான். வைஃபை போன்ற சில்லுகளை இயக்கும் ஃபெர்ம்வேர் நிரல்களில் கட்டற்றதல்லாத எதையும் நிறுவியில் வைக்க மாட்டோம் என்று இருந்தார்கள். 2022-இல் வாக்கெடுப்பு நடத்தி அந்த நிலைப்பாட்டை மாற்றினார்கள். 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து ஃபெர்ம்வேர் நிறுவியோடே வருகிறது. இன்டெல் வைஃபை உள்ள கணினிகள் நேராக இணைந்துவிடும். பழைய பிராட்காம் சில்லுகள் சிலவற்றுக்கு மட்டும் பிறகு தனித் தொகுப்பு போட வேண்டியிருக்கும். அதற்கு இணையம் வேண்டுமே? ஃபோனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங்கை இயக்குங்கள். கம்பி வழி இணைப்பாக நினைத்து எடுத்துக்கொள்ளும்.

விண்டோஸையும் வைத்துக்கொள்ளலாமா?

தாராளமாக. விண்டோஸுக்குள்ளேயே அதன் பார்ட்டிஷனை (டிஸ்கில் அதற்கென்று ஒதுக்கிய பகுதியை) சுருக்கி காலி இடம் விட்டுவிட்டு வாருங்கள், நிறுவியில் அந்தக் காலி இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு முன் இரண்டு வேலை: விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணையுங்கள், டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இயங்கினால் மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதியை அணைக்க வேண்டியதில்லை, டெபியன் அதோடு இயங்கும்.

நிறுவிய மறுநாள் பலரும் பதறுவது கடிகாரத்தைப் பார்த்துத்தான். விண்டோஸுக்குள் போனால் நேரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும். கணினியின் பேட்டரி கெடவில்லை. மதர்போர்டு கடிகாரத்தில் லினக்ஸ் கிரீன்விச் நேரத்தை எழுதி வைக்கும், விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று படிக்கும். நமக்கும் கிரீன்விச்சுக்கும் உள்ள இடைவெளிதான் அந்த ஐந்தரை மணி. கடிகாரம் உள்ளூர் நேரத்தில் இருக்கட்டும் என்று டெபியனில் ஒரே கட்டளையில் மாற்றிவிடலாம்.

நான் பயன்படுத்தும் மென்பொருள் கிடைக்குமா?

கடிதம், கணக்குத்தாள், பிரவுசர், வீடியோ, படம் திருத்துவது என்றால் எல்லாம் இருக்கிறது. எம்பி4 கோப்புகள் கூடுதலாக எதுவும் போடாமலே ஓடின. கிம்ப் 3.0 வந்திருக்கிறது. ஆனால் உங்கள் பிழைப்பு டாலியிலோ ஃபோட்டோஷாப்பிலோ நடக்கிறது என்றால், அந்தக் கணினியில் விண்டோஸை அழிக்காதீர்கள். மாற்று மென்பொருள் இருக்கிறது என்று உங்களை வற்புறுத்த மாட்டேன். மாதக் கடைசியில் கணக்கு முடிக்க வேண்டியவருக்கு அந்த அறிவுரை உதவாது.

ஒரு வாரம் ஓட்டிய பிறகு கவனத்துக்கு வந்தது எது?

தொகுப்பு நிறுவும் ஆப்ட் 3.0 ஆகியிருக்கிறது. நிறுவப்போவது பச்சையில், நீக்கப்போவது சிவப்பில், ஒழுங்கான பத்திகளாக வருகிறது. சிறிய விஷயம்தான், ஆனால் சிவப்பில் டெஸ்க்டாப்பின் பெயரைப் பார்த்தால் எந்தப் புதியவரும் எண்டர் தட்டாமல் நிறுத்திவிடுவார்.

ராம் குறைவானவர்கள் அறிய வேண்டிய மாற்றம் ஒன்று. தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப் அடைவு இப்போது டிஸ்கில் இல்லை, ராமில் இருக்கிறது. ராமின் பாதி அளவுவரை அது வளரும். 4 ஜிபி கணினியில் பெரிய ஜிப் கோப்பை அங்கே பிரித்தால் இடம் போதாமல் நிற்கும். கணினியை அணைத்தால் அதில் இருந்ததும் போய்விடும், ஆகவே எதையும் அங்கே சேமித்து வைக்காதீர்கள்.

ஏற்கெனவே 12 இருக்கிறது. புதிதாக நிறுவ வேண்டுமா?

வேண்டாம், மேம்படுத்தலாம். பேக்கப் எடுங்கள், வெளியிலிருந்து சேர்த்த களஞ்சியங்களை நிறுத்தி வையுங்கள், 12-ஐ முழுக்கப் புதுப்பியுங்கள், பிறகு களஞ்சியப் பெயரை ட்ரிக்ஸி என்று மாற்றுங்கள். முதலில் குறைந்த அளவு மேம்படுத்தல், அதன் பிறகே முழு மேம்படுத்தல் என்று இரண்டு படியாகச் செய்வதுதான் முறை. கணினி எழத் தேவையான கோப்புகள் இருக்கும் பூட் (/boot) அடைவுக்கென்று தனிப் பார்ட்டிஷன் வைத்திருந்தால் அதில் 300 எம்பியாவது காலியாக இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

எத்தனை வருடம் தாங்கும்?

2028 ஆகஸ்ட் வரை வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள், அதன்பின் 2030 ஜூன் வரை நீண்டகால ஆதரவு.

பேட்டரி செத்துப்போன மடிக்கணினி. மின்சாரம் போய்த் திடீரென்று அணைந்தால் கெட்டுவிடாதா?

தங்கையின் மடிக்கணினியும் அப்படித்தான், சார்ஜரை உருவினால் உடனே அணைந்துவிடும். டெபியன் வழக்கமாகப் பயன்படுத்தும் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை, செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிவிட்டுத்தான் செய்யும். மறுபடி எழும்போது அந்தக் குறிப்பைப் பார்த்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். அதனால் இயங்குதளம் பெரும்பாலும் தப்பிவிடும், சேமிக்காத வேலை தப்பாது. லிபர்ஆபிஸில் தானாகச் சேமிக்கும் இடைவெளியை 2 நிமிடமாகக் குறைத்து வைத்திருக்கிறேன். போன செவ்வாய்க்கிழமை மாலை மின்சாரம் போனபோது தங்கை மகள் பள்ளிக் கட்டுரையின் நடுவில் இருந்தாள். மின்சாரம் வந்ததும் கோப்பை மீட்கட்டுமா என்று லிபர்ஆபிஸ் கேட்டது. கடைசி இரண்டு வரி மட்டும் இல்லை, அதை மறுபடி தட்டிவிட்டாள்.